நிறம் மாறாத சரக்கு

“என்னங்க, மீனுக்கு அடியில இது என்ன பாட்டில்?”

ஃப்ரீசரைத் துடைத்துக்கொண்டிருந்த கிரேஸ், கறுப்புத் தாள் சுற்றிய கண்ணாடிப் பாட்டில் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். இட்லி தின்றுகொண்டிருந்த ஜோசுவா கையிலிருந்த துண்டைத் தட்டில் போட்டார். அது நிக்கோட்டின். மின்சிகரெட்டில் ஊற்றி இழுக்கிற திரவத்தைத் தானே கலந்துகொள்வதற்காக அவர் பதுக்கி வைத்திருந்த சரக்கு. இதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் மனைவியிடம் உண்மை பேசுகிற பழக்கம் அவருக்கு விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மதுரை ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். போடிக்குத் திரும்பியதும் நேரே சர்ச்சுக்குப் போய், வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்து, இனிப் புகைபிடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். கிரேஸ் அன்று அழுத அழுகையைப் பார்த்துப் பாஸ்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த ஜோசுவா, பிறகு ஒரு நியாயம் கண்டுபிடித்தார். மின்சிகரெட்டில் வருவது ஆவி, புகை இல்லை. ஆகவே சத்தியம் சத்தியமாகவே இருக்கிறது. கர்த்தருக்கே சட்டம் சொல்லிக்கொடுக்கிற ஆள்.

ஒரே சிக்கல், அந்தச் சாமானை விற்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. துபாயிலிருந்து வந்த சிநேகிதன் கொடுத்த பாட்டில் இது ஒன்றுதான். தீர்ந்தால் அடுத்தது கிடையாது. வருடக்கணக்கில் கெடாமல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாக வேண்டும். ஏலக்காயின் பச்சை மங்காமலிருக்கக் கறுப்புப் பை போட்டு, காற்றுப் புகாமல் மூட்டை கட்டி, விலை ஏறும்வரை இருட்டறையில் அடுக்கி வைக்கிற வியாபாரிக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? மண்டையோடு போட்டிருந்த லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்தார். கறுப்புத் தாள் சுற்றினார். ஃப்ரீசரில் மீனுக்கு அடியில் புதைத்தார். சோறு தின்கிற வீட்டில் விஷத்தைப் பெயரில்லாமல் வைக்கிறோமே என்று அவருக்கு உறுத்தவில்லை. மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற ஒரே கவலைதான் இருந்தது.

காற்றும் வெளிச்சமும் பட்டால் அது பழுப்பேறிவிடும் என்று படித்திருந்தார். அதனால் அவ்வப்போது தாளை விலக்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். பச்சைத்தண்ணீர் மாதிரித் தெளிந்து கிடக்கும். நாளாக ஆகத் தொண்டையில் காறல்கூடக் குறைந்துபோயிருந்தது. வைக்கிற விதத்தில் வைத்ததால் சரக்கு பக்குவப்பட்டுவிட்டது என்று பூரித்துப்போனார். காறல் இல்லாத தைரியத்தில் முன்னைவிடக் கூடுதலாகவே இழுத்தார். ஏலக்காய் எசென்ஸ் கலந்து இழுத்ததால் வாசனையும் காட்டிக்கொடுக்கவில்லை. போடியில் ஏலக்காய் வாசனைக்கு யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்?

“அதுவா? ஏலக்காய் எசென்ஸ். ஒரு கம்பெனிக்காரன் சாம்பிள் கொடுத்தான்” என்றார்.

“நல்லதாப் போச்சு. சாயங்காலம் சர்ச்சுல கிறிஸ்மஸ் கேக்குக்கு மாவு கலக்குறோம். இதையே ஊத்திர்றேன்.”

பாஸ்டர் முதல் பாடகர் குழுவரை மொத்த சபையும் கேக்கும் கையுமாகச் சுருண்டு கிடப்பது ஜோசுவாவின் கண்ணில் தெரிந்தது.

“வேணாம், வேணாம். அது திங்கிற சாமான் இல்ல. ஞாபகம் மாறிச் சொல்லிட்டேன். காலு வெடிப்புக்குத் தடவுற தைலம்.”

கிரேஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். “தைலத்த எதுக்குங்க ஃப்ரீசர்ல வைக்கணும்?”

“வெயில்ல கெட்டுரும்ல.”

மார்கழிக் குளிரில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இதைச் சொன்னார். அவள் மறுபடியும் ஃப்ரீசரைத் துடைக்கத் தொடங்கினாள். தைலத்தைக் கையோடு கடைக்கு எடுத்துப்போனால் சந்தேகம் வரும், பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் முதல் வேலையாக ஃப்ரீசரைத் திறந்தார். மீன் இருந்தது. பாட்டில் இல்லை.

ஜீப் டிரைவர் சின்ராசு தோட்டத்துக்கு உரம் ஏற்றிக்கொண்டு போனானாம், அவனிடம் அந்தத் தைலத்தை அன்னக்கொடிக்குக் கொடுத்துவிட்டாளாம். குரங்கணிக்கு மேலே அவர்களுடைய ஏலத்தோட்டத்தில் குடியிருந்து வேலை செய்கிறவள் அன்னக்கொடி. ஈரத்திலும் குளிரிலும் நின்று அவள் பாதம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது என்று கிரேஸ் சொன்னாள்.

தோலில் பட்டாலே உள்ளே இறங்குகிற விஷம் அது. வெடித்த பாதத்தில் தேய்த்தால் என்ன ஆகும்?

“ஏங்க இப்படி வெளுத்துப்போனீக? அது தைலந்தான?” என்று கிரேஸ் கேட்டாள்.

ஒரு வார்த்தை போதும். ஒரு உயிர் தப்பிவிடும். அவரும் வாயைத் திறந்தார்.

“தைலந்தான்” என்றார்.

இந்த இடத்தில் அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

தெருமுனைக்கு ஓடி, சின்ராசுவுக்குப் போன் போட்டார். அந்தப் பாட்டிலை யாரும் தொடக் கூடாது, வெரசாத் திருப்பிக் கொண்டா என்றார். ஏன் என்று அவன் கேட்டான். பாழாய்ப்போன புத்தி மறுபடியும் வேலை செய்தது. அது ரொம்ப விலை கூடின வெளிநாட்டுத் தைலம் என்று சொல்லிவைத்தார். அதோடு சிக்னல் போய்விட்டது.

பைக்கை எடுத்துக்கொண்டு விரட்டினார். முந்தல் தாண்டி, குரங்கணி தாண்டி, பாதை முடிந்த இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு மேட்டில் ஓடினார். ஸ்டென்ட் வைத்த நெஞ்சு அடித்துக்கொண்டது. பாறையோரத்தில் ஆறு தூர் ஏலச்செடி பட்டுப்போய்க் கிடந்தது. கவனிக்காமல் செடியைக் கொன்றுவிட்டாய் என்று அன்னக்கொடியின் புருஷன் அழகுமலையை வருகிற போதெல்லாம் அந்த இடத்தில் நிறுத்தி வைத்து ஏசுவார். அவன் தலையைச் சொறிவானே தவிர, இன்றுவரை ஒரு பதில் சொன்னதில்லை. இன்றைக்கு ஏசுவதற்கு அவருக்கு மூச்சு இல்லை.

காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் அவர் கண்ட காட்சியில் பாதி உயிர் போய்விட்டது. தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாகக் காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அன்னக்கொடி பாட்டிலோடு ஒவ்வொரு பாதமாக ஊற்றிக்கொண்டு வந்தாள். விலை கூடின வெளிநாட்டுத் தைலம் என்று சின்ராசு சொன்ன பிறகு யார்தான் எழுந்து போவார்கள்?

“தடவாதீக! கழுவுங்க, எல்லாரும் காலக் கழுவுங்க!”

ஒருத்தியும் அசையவில்லை. விலை கூடின தைலத்தை வேலைக்காரிகளுக்குக் கொடுக்க முதலாளிக்கு மனசு வரவில்லை என்றுதான் அந்த முகங்கள் சொல்லின. வேறு வழியே இல்லாமல் போயிற்று. ஜோசுவா செம்மண்ணில் மண்டி போட்டு விழுந்தார்.

“அது தைலம் இல்ல தாயி, வெசம். நிக்கோட்டின்னு சொல்லுவாக. நான் களவா இழுக்குறதுக்கு ஒளிச்சு வச்சிருந்தேன். வேதத்து மேல கைய வச்சு ஊர ஏமாத்திட்டேன். உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன், கழுவிருங்க.”

சொல்லிவிட்டு அழுதார். இரண்டு வருடத்தில் அவர் பேசிய முதல் உண்மை அது. கேட்க வேண்டியவள் அங்கே இல்லை.

அன்னக்கொடி பாட்டிலைக் கீழே வைத்தாள். “இத அம்மாகிட்டச் சொல்லிட்டீகளா?” என்று கேட்டாள்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். தன் பாதத்தில் வழிந்ததை விரலால் வழித்து, வெடிப்புக்குள் நிதானமாகத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“இது வெறும் கிளிசரின் அய்யா, நீங்க சொல்ற வெசத்த ஈஸ்டருக்கே அம்மா கண்டுபுடிச்சு, பாட்டில்ல இத மாத்தி ஊத்தி வச்சுட்டு, இங்க கொட்டச் சொல்லிக் கொடுத்து விட்டுட்டாக, பாறையோரம் அந்த ஆறு தூரு செத்தது அத ஊத்தித்தான்.”