ஆறு டிகிரி சாய்வு

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, விண்வெளிக்குப் போவதென்று முடிவெடுத்தேன். காரணம் ஆடு.

வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தை. என் மச்சினன் மதியழகன் குலசாமிக்குக் கிடா வாங்கப் போகிறான். துணைக்கு நான் வரவேண்டுமாம். போன வருசம் போனேன். சந்தையிலிருந்த அத்தனை ஆட்டுக்கும் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான். இடுப்பைத் தடவினான். தூக்கிப் பார்த்தான். கடைசியில், முதலில் பார்த்ததையே வாங்கினான். மத்தியானம் வரை வெயிலில் நின்றவன் நான். இந்த வருசம் நிற்பதாக இல்லை. இதை என் மனைவி சோலையம்மாளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அறுபத்தெட்டு வயதில் அவ்வளவு தைரியம் எதற்கு?

வழி பேப்பரில் கிடைத்தது. விண்வெளியில் எடை கிடையாது. ரத்தம் தலைக்கு ஏறும். கால் சூம்பும். எலும்பு தேயும். இதை ஆராய ஆள் ஆளாக மேலே அனுப்பினால் கட்டுபடியாகாது. ஆகவே தரையிலேயே கட்டிலில் போட்டு, தலைப்பக்கம் ஆறு டிகிரி தாழ்த்தி, அறுபது நாள் படுக்க வைக்கிறார்கள். எதற்கும் எழுந்திருக்கக் கூடாது.

படுத்துக் கிடப்பது விஞ்ஞானம் என்று இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை.

"பெங்களூர்ல இருந்து போன் வந்துச்சு," என்றேன். "வயசானவங்களை வச்சு விண்வெளி ஆராய்ச்சி. வீட்டுலயே செய்யலாமாம். மூணு நாளு. நாட்டுக்காக."

"என்ன செய்யணும்?"

"படுக்கணும்."

"அதைத்தான ரிட்டயர் ஆனதுலருந்து செய்றீங்க."

"இது தலை தாழ்ந்து."

பேப்பரை நீட்டினேன். சண்டை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் முப்பது வருசம் நர்ஸ். படுக்கையில் ஒருவன் கிடந்தால் அவள் கை சும்மா இருக்காது.

டேப்பை எடுத்து அளந்தாள்.

"கட்டில் ஆறடி. கால்மாடு ஏழரை இஞ்ச் ஏறணும். ரெண்டரைச் செங்கல்."

"ரெண்டு போதும்."

"ரெண்டுக்கு ஆறு டிகிரி வராது. பெங்களூர்ல நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

அரைச் செங்கல்லும் வந்தது. படுத்தேன். ஒரு மணி நேரம் சொர்க்கம். பிறகு எழுந்தேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பாத்ரூம்."

"ராக்கெட்டை நிறுத்திட்டா?"

பரணிலிருந்து ஆஸ்பத்திரி பெட்பேனை இறக்கினாள். மற்றவர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது சுவர்க்கடிகாரம் கொண்டு வருவார்கள்.

சாப்பாடு கஞ்சி. நிமிரக் கூடாது. "ஒரு தோளு எப்பவும் மெத்தையில படணும், பேப்பர்ல போட்டிருக்கு." ஒருக்களித்துக் குடித்தேன். பாதி காதுக்குப் போனது.

புதன்கிழமை முகம் பூசணிக்காயாக உப்பியது. மூக்கு அடைத்தது. அப்படித்தான் ஆகும் என்று பேப்பரில் இருந்ததாம். பேனாவால் டிக் போட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

மத்தியானம் பக்கத்து வீட்டு பக்ருதீன் பாய் பிரியாணித் தூக்கோடு வந்தார். சீரகச் சம்பா. வாசம் அடைத்த மூக்கையும் தாண்டி வந்தது.

"அண்ணனுக்கும் சேத்துத்தாம்மா."

"அவரு விண்வெளியில இருக்காரு பாய். அங்க இதெல்லாம் கிடையாது."

பாய் குனிந்து, தாழ்ந்து கிடந்த என் தலையைப் பார்த்தார். "எப்ப திரும்புறாரு?"

"அவருதான் சொல்லணும்."

பாய் போனார். கட்டில் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் சாப்பிட ஆரம்பித்தாள். நிதானமாக. எலும்பைக் கூட விடவில்லை.

"இறங்கிக்கிறேன்," என்றேன்.

"ஆராய்ச்சி?"

"போன் எதுவும் வரல. பொய்."

"எதுக்கு?"

"அய்யலூர்."

"போவீங்களா?"

"போறேன்."

"தூக்குல உங்க பங்கு அப்படியே இருக்கு. எந்திரிங்க."

எழுந்தேன். தலை சுற்றியது. கால் எனக்குச் சொந்தமில்லாதது போல் நடந்தது. திரும்பி வரும் விண்வெளி வீரர்களை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துத் தூக்கி வருவார்களாம். மறுநாள் காலை மதியழகன் ஒருவனே என்னை அள்ளி வேனில் போட்டான்.

சந்தையில் ஒரு ஆட்டுக்காரர் கேட்டார்: "பெரியவருக்கு என்னப்பு செய்யுது?"

"மேல போய்ட்டு நேத்துத்தான் வந்தாரு," என்றான் மச்சினன்.

ஆட்டுக்காரர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

நாற்பத்தோரு ஆட்டின் பல்லைப் பார்த்தான் மதியழகன். எதுவும் பிடிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை பார்த்துக்கலாம் மாமா என்றான்.

மத்தியானம் வீடு வந்தேன். நல்ல பசி. கட்டில் அதே சாய்வில் இருந்தது. அதில் சோலையம்மாள் படுத்திருந்தாள்.

"என்ன இது?"

"பொம்பளைகளை வச்சும் ஆராய்ச்சி செய்றாங்களாம். அதே பேப்பர்ல, கடைசிப் பத்தியில. நீங்க அம்புட்டுத் தூரம் படிக்கல."

"போன் வந்துச்சாக்கும்?"

"உங்களுக்கு வந்த அதே போன்தான்."

"எத்தனை நாளு?"

"அறுபது."

அடுப்படிக்குப் போனேன். அடுப்பு எனக்குத் தெரிந்த இடத்தில்தான் இருந்தது. வெங்காயம் எங்கே என்று கேட்டேன்.

"எனக்கு இப்ப எடையே இல்ல," என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. "செத்த நேரம் பேச்சுக் குடுக்காதீங்க."