உன் அக்கா கேட்ட நீல பக்கெட்

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்காவைக் கட்டியவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் இரண்டு மாடுகளும் நலம். டிராக்டர் அவ்வளவு நலமில்லை. அங்கு நீ, தங்கச்சி, பிள்ளைகள், குறிப்பாக நான்கு நாளாக உங்கள் வீட்டில் இருக்கும் உன் அக்கா ஆகியோரின் நலத்தையும், அவள் கோபம் எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

அக்கா ஒரு மாதிரி சொல்லியிருப்பா. நடந்தது வேற. பொறுமையா படி.

நம்ம சின்ன டிராக்டருக்கு முன்னால லோடர் மாட்டினேன்ல, ரெண்டு இரும்புக் கை, அது நுனியில ஒரு தொட்டி மாட்டினா சாணி, மண்ணு எல்லாம் அள்ளும். அந்தத் தொட்டிக்கு பக்கெட்னு பேரு. அந்தப் பேர வெச்சவன் மட்டும் என் கையில கெடைச்சான்... சரி, விடு. எல்லாம் உன் அக்காவுக்காகத்தான். மழைக்கு முந்தி எருக்குழிய காலி பண்ணணும், கூடை சுமந்து சுமந்து அவ இடுப்பு போச்சு. இனிமே அவ கூடையத் தொடக்கூடாதுன்னு சபதம் போட்டுத்தான் கடைக்குப் போனேன்.

கடையில சின்னது, நடுத்தரம், பெருசுனு மூணு பக்கெட்ட சுவத்துல சாத்தி வெச்சிருந்தாங்க. டை கட்டின ஒரு ஆளு வந்து, "சார், என்ன அள்ளப் போறீங்க? ஈரமா, காஞ்சதா? டயருக்கு டயர் என்ன அகலம்?"னு கேட்டான். பொண்ணு கேட்டு வந்தவன் மாதிரி இத்தனை கேள்வி எதுக்கு? பக்கத்துத் தோட்டத்துத் தொப்பிக்காரர் இருக்காரே, வெயில் இல்லேன்னாலும் தொப்பி போடுவாரே, போன வருஷம் நம்ம ஏணிய வாங்கிட்டுப் போய் இன்னும் தரலியே, அவர் பேரச் சொல்லி, "அவருகிட்ட இருக்கிறதவிடப் பெருசு எது?"ன்னேன். "சார், அவரு வண்டி உங்க வண்டி மாதிரி ரெண்டு மடங்கு." "நான் வண்டியவா கேட்டேன்? பக்கெட்டத்தான கேட்டேன்!"

இருந்தாலும் குடும்பம்னா கலந்து பேசணும்ல? உன் அக்காவுக்கு போன் போட்டேன். "ஏம்மா, பக்கெட் எந்த அளவு எடுக்கட்டும்?" "பெருசாவே எடுங்க. சின்னத வெச்சுக்கிட்டு ஒண்ணுக்கு ரெண்டு நடை நடக்க வேண்டியிருக்கு. நீலக் கலரா பாருங்க. பிடி உறுதியா இருக்கணும்." மச்சான், இருபத்திரண்டு வருஷத்துல நான் பெருசா எதக் கேட்டாலும் வேண்டாம்னு சொன்னவ. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. பெருச எடுத்து, நீலப் பெயிண்டும் அடிச்சுத் தரச் சொல்லிட்டேன். பிடி எங்கன்னு கேட்டேன். டை கட்டினவன் ரொம்ப நேரம் தேடிட்டு, "கொக்கி இருக்கு சார்"னான்.

வீட்டு வாசல்ல வந்தாத்தான் தெரியுது, தூணுக்குத் தூண் இருக்கிற இடத்தவிட பக்கெட் ஒரு சாண் அகலம். அது உள்ள வந்துச்சு, எடது பக்கத் தூண் வெளிய போச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். குழியில குத்தி, ஈரச் சாணிய வழிய வழிய அள்ளித் தூக்கினேன். சாணி அங்கேயே இருக்கு, நான்தான் மேல போறேன்! பின் டயர் ரெண்டும் அந்தரத்துல. தொப்பிக்காரர் வேலி மேல கைய வெச்சுக்கிட்டு, "என்னங்க, உங்க டிராக்டர் குனிஞ்சு எதையோ தேடுது?"ங்கிறார். பதட்டத்துல ஏதோ ஒரு லிவர இழுத்தேன். பக்கெட் விருட்டுனு மேல ஏறி அப்படியே கவுந்துச்சு. அத்தனை சாணியும் கொடியில காஞ்ச துணி மேல.

அப்பத்தான் உன் அக்கா விரிசல் விட்ட பழைய பக்கெட்டோட குளியலறையிலேருந்து வந்தா. "நான் சொன்ன பக்கெட் எங்க?" "இதோ, நீலம்!"னேன்.

கையில இருந்த பழைய பக்கெட்ட என் மூஞ்சிக்கு நேரா தூக்கிக் காட்டினா. அப்புறம், "துணி துவைக்கிற பக்கெட்டுய்யா! இந்தச் சனியன் வீட்ட விட்டுப் போனாத்தான் நான் திரும்பி வருவேன்"னு பஸ் ஏறிட்டா.

மறுநாள் மெக்கானிக் வந்து பாத்தாரு. "அண்ணே, பின் டயர் அகலத்த மறைக்கிற பக்கெட் போதும். இவ்வளவு பெருசுல வைக்கோல் அள்ளலாம், ஈரச் சாணி அள்ளினா வண்டி மண்டி போடத்தான் செய்யும். அதோட முன்னால தூக்கணும்னா பின்னால கனம் கட்டணும்"னாரு. இத அந்த டை கட்டினவன் முன்னாடியே சொல்லியிருக்கலாம். சொல்ல விட்டேனான்னு கேக்காத.

இப்ப புத்தி வந்துடுச்சு. சின்ன பக்கெட் மாட்டியாச்சு. துணி துவைக்க நீல பிளாஸ்டிக் பக்கெட், பெருசு, பிடிய ஆட்டி ஆட்டிப் பாத்து வாங்கி, குளியலறை வாசல்ல வெச்சிருக்கேன். பெரிய இரும்பு பக்கெட்ட அக்கா இனிமே கண்ணால பாக்க மாட்டா. இத அவகிட்ட சத்தமா படிச்சுக் காட்டு. மாடுகூட அவளத் தேடுதுன்னு சேத்துக்கோ.

தங்கச்சிக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும், உன் அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதையும் கூறவும்.

இப்படிக்கு,
திருந்திய உன் அத்தான்

பின்குறிப்பு: இத சத்தமா படிக்காத. பின்னால கனம் வேணும்னாரே மெக்கானிக், அதுக்கு அந்தப் பெரிய பக்கெட்டையே பின்னால கட்டிட்டேன். என்னமா நிக்குது வண்டி! இனிமே முன்னால பாத்தா தெரியவே தெரியாது. ஆனா இப்ப ரிவர்ஸ் எடுக்கையில வலது பக்கத் தூணும் போச்சு, குளியலறை வாசல்ல இருந்த பிளாஸ்டிக் பக்கெட்டும் நசுங்கிடுச்சு. அக்கா வரும்போது வழியில ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லு. பெருசாவே.