இருநூறு டன் டிரம்மர்

ஓசூரில் ராக் இசையைக் கண்டுபிடித்தவர் பேரிங் அண்ணன். வேறு ஊர்களில் வேறு யாராவது அதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம். அந்தத் தகவல் அவருக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கரன்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில், நான் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ட்ரெயினியாக இருந்தேன். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி. அங்கே மெயின்டனன்ஸ் ஃபிட்டர் பேரிங் அண்ணன். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஓடுகிற மெஷின் மேல் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, அதன் கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "உள்ள பேரிங் போயிருச்சு. வியாழக்கிழமை வரைக்கும் தாங்கும்" என்பார். வியாழக்கிழமை சாயங்காலம் மெஷின் நிற்கும்.

மெஷினோடு விட்டால் பரவாயில்லை. கேன்டீன் கிரைண்டர், ஸ்டாஃப் பஸ், ஜி.எம். வீட்டு ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் ஸ்க்ரூ டிரைவர் வைத்தியம் உண்டு. ஒரு நாள் விளையாட்டாக என் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "லவ்வாடா?" என்றார். நான் ஆடிப்போய்விட்டேன். அந்த விஷயம் அந்தப் பெண்ணுக்கே தெரியாது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ராக் இசை மேல் எப்படி ஆசை வந்தது என்று எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. கேட்டே விட்டேன்.

"பெங்களூருல ஒரு காலேஜுக்கு ஜெனரேட்டர் ரிப்பேருக்குப் போனேன்டா. மேடையில நாலு பசங்க வாசிச்சுட்டு இருந்தானுங்க. ஒர்க் ஷாப்புல இருக்கிற அத்தனை மெஷினும் ஒரே நேரத்துல கெட்டுப்போன மாதிரி சத்தம். ஆனா ஒண்ணுகூட நிக்கல. அது எப்பிடின்னு பார்க்கணுமா இல்லியா?"

பார்க்கத்தான் 'ஓவர்லோடு' என்ற பேண்டை ஆரம்பித்தார். டிரம்ஸ் அவர். பாட்டு, கிருஷ்ணகிரி சாதிக். பேஸ் கிட்டார், காவேரிப்பட்டினம் முருகேசன். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்த நான் லீட் கிட்டார். நாங்கள் மூவரும் ட்ரெயினிகள், அவர் ஒருவர்தான் பெர்மனென்ட். ஏற்கெனவே ஒரு கேசட் போட்டிருந்தோம். அதை ஸ்டாஃப் பஸ் டிரைவரிடம் கொடுத்தோம். ஒரே டிரிப்தான், திருப்பிக் கொடுத்துவிட்டு, "பிரேக் சத்தம்னு நெனைச்சு ரெண்டு எடத்துல வண்டிய நிறுத்திட்டேன் சார்" என்றார்.

அடுத்தது சி.டி. என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் நோட்டீஸ் போர்டில் பட்டியல் வந்தது. எங்கள் மூன்று பேருக்கும் ஆயுத பூஜையோடு ட்ரெயினி காலம் முடிகிறது. பெர்மனென்ட் இல்லை.

பேரிங் அண்ணன் அந்தப் பட்டியலை மூன்று தடவை படித்தார். பிறகு எங்களிடம் வந்தார்.

"ஆயுத பூஜைக்குள்ள புது ஆல்பம் வந்தாகணும். அப்புறம் நீங்க ஆளுக்கொரு திசை போயிருவீங்க. நான் யாரை வெச்சுடா வாசிக்கிறது, கம்ப்ரஸரையா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று டீ குடிக்கவில்லை.

எங்கள் ஸ்டுடியோ, பிரஸ் ஷாப்பை ஒட்டிய பழைய சாமான் அறை. நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருநூறு டன் பவர் பிரஸ், தகட்டை அடித்துத் துளை போட்டுக்கொண்டே இருக்கும். நிமிஷத்துக்கு நாற்பது அடி, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. தரை அதிரும், மைக் ஸ்டாண்டு அதிரும், சாதிக்கின் தொண்டை தானாகவே அதிரும். முதல் வாரம் காதைப் பொத்திக்கொண்டோம். மூன்றாவது மாதம் அப்படி ஒரு சத்தம் இருப்பதே மறந்துபோயிற்று.

ரெக்கார்டிங்கை பேரிங் அண்ணன் மெயின்டனன்ஸ் போலத்தான் நடத்தினார். சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். 'கிட்டார்: தினம் துடைக்க வேண்டும். டிரம்ஸ் பெடல்: வாரம் ஒருமுறை கிரீஸ். சாதிக்: காலை மாலை உப்புத் தண்ணீர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓவர்ஹால்.' ஓவர்ஹால் என்றால் என்ன என்று சாதிக் கடைசி வரை கேட்கவில்லை. பயம்தான். நான் ஒரு தடவை வாசித்து முடித்ததும் கிட்டார் மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார்.

"மூணாவது கம்பி உள்ளுக்குள்ள அழுவுது."

"சோகப் பாட்டுதானேண்ணே?"

"பாட்டு அழுவட்டும். கம்பி ஏன்டா அழுவணும்?"

மொத்தம் எட்டுப் பாட்டு. கேன்டீன் சாம்பார் பற்றி ஒன்று, ஓவர்டைம் பற்றி இரண்டு, மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள் வரும் வாசனை பற்றி ஒன்று. ஒரு காதல் பாட்டும் உண்டு. அதிலே காதலி இரண்டாவது ஷிஃப்ட், காதலன் முதல் ஷிஃப்ட். பாட்டு முடியும்வரை சந்திக்கவே மாட்டார்கள். எட்டும் ஒரே வேகத்தில் இருந்தன. ஏன் என்று எங்களில் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

மிக்ஸிங்குக்கு பெங்களூரு போனோம். கன்னடக்கார இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கண்கள் விரிய, "ஈ கிக் டிரம் யாரு பாரிஸித்து? சூப்பர்!" என்றார். இந்த டிரம்மை அடித்தது யார் என்று கேட்கிறார். சாதிக் தரையைப் பார்த்தான். முருகேசன் கூரையைப் பார்த்தான். பேரிங் அண்ணன் மட்டும் பொய் சொல்லத் தெரியாமல், "இருநூறு டன் சார். செகண்ட் ஷிஃப்ட்" என்றார்.

அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். நாங்கள் ஒரு நாள்கூட அந்த பிரஸ் இல்லாமல் வாசித்ததே கிடையாது. கரன்ட் போனால் பிரஸ்ஸும் நிற்கும், எங்கள் ஆம்ப்ளிஃபயரும் நிற்கும். பிரஸ்ஸை நிறுத்தி, துளை போடும் டையை மாற்றும்போது நாங்கள் டீக்குப் போவோம். ஞாயிற்றுக்கிழமை கேட் பூட்டு. ஆக, தாளம் போட்டது யார் என்று சோதித்துப் பார்க்க எங்களுக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு ஜி.எம்.மிடம் அனுமதி கேட்கப் போனார் பேரிங் அண்ணன்.

"ஆயுத பூஜைக்கா? பக்திப் பாட்டா?" என்றார் ஜி.எம்.

"ஆமாங்க சார். மெஷினுக்கு."

அனுமதி கிடைத்தது. இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது என்று நாங்கள் நால்வரும் கை குலுக்கிக்கொண்டோம். ஆட்கள் எல்லாரும் உள்ளே இருந்தும் தொழிற்சாலையில் ஒரு மெஷினும் ஓடாத நாள் வருஷத்தில் அது ஒன்றுதான். அந்த நாளைத்தான் தேடிப்பிடித்து வைத்தோம்.

ஆயுத பூஜை வந்தது. பிரஸ்ஸுக்கு மாலை, சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. பொரி கடலை வாங்கிக்கொண்டு எல்லார் குடும்பமும் பிரஸ் ஷாப்பில் உட்கார்ந்திருந்தது. ஜி.எம். சி.டி.யை வெளியிட, கேன்டீன் மாஸ்டர் பெற்றுக்கொண்டார். சாம்பார் பாட்டைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நாங்கள் மேடை ஏறினோம். பேரிங் அண்ணன் இரண்டு குச்சிகளையும் தூக்கினார். தூக்கியபடியே இருந்தார். அவர் எப்போதும் பிரஸ்ஸின் அடி விழுந்த பிறகுதான் தொடங்குவார். அன்று அடி விழவில்லை. மாலை போட்ட பிரஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு குத்துமதிப்பில் தொடங்கினார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டை முதலில் முடித்தவன் முருகேசன். நான் இரண்டாவதாக வந்து சேர்ந்தேன். சாதிக் இன்னும் சரணத்தில் இருந்தான். பேரிங் அண்ணன் எங்கே இருந்தார் என்று அவருக்கே தெரியாது.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "பிரஸ்ஸ ஆன் பண்ணுங்கடா!" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். அவரும் சிரிப்புக்காகத்தான் கத்தினார், ஆனால் நாங்கள் மூவரும் சடாரென்று சுவிட்ச் போர்டைப் பார்த்தோம்.

"தொடாதீங்க" என்றார் பேரிங் அண்ணன். "பூஜை போட்ட மெஷினு. நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது."

"நாளைக்கு நாங்க இருக்க மாட்டோம்ணா" என்றான் சாதிக்.

பேரிங் அண்ணன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ மெஷின்களைத் தூக்கி நிறுத்திய மனிதர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சிரிப்பும் மெல்ல அடங்கியது.

அப்போது டம் என்று ஒரு சத்தம். பிரஸ் ஆபரேட்டர் நஞ்சப்பா, ஸ்கிராப் போடும் இரும்புத் தொட்டியைக் கையால் அடித்தார். மறுபடி டம். பதினோரு வருஷமாக அந்த பிரஸ்ஸின் முன்னால் நின்றவர். அந்த வேகம் அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது. பக்கத்திலிருந்தவர் டிபன் கேரியரைத் தட்டினார். அந்த லைனில் வேலை செய்த அத்தனை பேரும் காலால் தரையை உதைத்தார்கள். நிமிஷத்துக்கு நாற்பது, ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

பேரிங் அண்ணன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லா ஓடுது" என்றார். குச்சியை எடுத்தார்.

எட்டுப் பாட்டையும் வாசித்தோம். காதல் பாட்டை இரண்டு தடவை கேட்டார்கள். சாம்பார் பாட்டு முடிந்ததும் கேன்டீன் மாஸ்டர் மேடையேறி வந்து சாதிக்கைக் கட்டிப்பிடித்து, "புளி கம்மியா குடுத்தா நான் என்னப்பா பண்ணுவேன்?" என்று கண் கலங்கினார்.

சாயங்காலம் பெட்டி படுக்கையோடு நாங்கள் மூவரும் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். பேரிங் அண்ணன் ஆளுக்கொரு சி.டி. கொடுத்தார். என் பஸ் கிளம்பியபோது எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்து, "கிருஷ்ணகிரி தாண்டறது கஷ்டம், பாத்துப் போ" என்றார். தாண்டவில்லை.

வழியில் நின்ற பஸ்ஸில் உட்கார்ந்துதான் சி.டி. உறையை முதன்முதலாகத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எங்கள் பெயர்களை அவரே எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தார். பாட்டு: சாதிக், பெர்மனென்ட். பேஸ்: முருகேசன், பெர்மனென்ட். கிட்டாருக்கு நேராக என் பெயர், அதன் பக்கத்திலும் அதே வார்த்தை. அவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஐந்து கம்பெனி மாறிவிட்டேன். விசிட்டிங் கார்டில் என்னென்னவோ போட்டார்கள். வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அந்த உறையைத்தான் எடுத்துக் காட்டத் தோன்றுகிறது.