எதிராளியின் வாய்

சட்டத்தின் முன் மனிதர் யாவரும் சமம் என்பது மானுடம் கண்டெடுத்த மகத்தான உண்மை. 1986இல் அந்த உண்மை சுவிட்சர்லாந்தின் லாங்கன்தால் நகரில், ஒரு ஹோட்டலின் நிலவறையில், கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால் முழங்கை நனைய நின்றுகொண்டிருந்தது.

இடப்பக்கம் தவராஜா, யாழ்ப்பாணத்து அகதி. வலப்பக்கம் இம்போடன், வாலிஸ் மலைக் கிராமத்துச் சுவிஸ்காரன். இம்போடன் பேசும் ஜெர்மன், ஊராருக்குக் கல் உருளுவதுபோலத்தான் கேட்கும். தவராஜாவுக்கு அது அத்துப்படி, தொட்டியடியில் பழகியது. மாலை வகுப்பில் படித்த புத்தக ஜெர்மனும் அவனிடம் இருந்தது.

ஊரிலுள்ள அறக்கட்டளையொன்று, சமையல் தொழில் படிக்கத் தமிழருக்கு மட்டும் உதவித்தொகை அறிவித்திருந்தது. விண்ணப்பித்தவன் தவராஜா மட்டுந்தான். அது கிடைத்தால் மேல்மாடிச் சமையலறையில் பயிலுநர் இடம் தருவதாக ஹோட்டல் சொல்லியிருந்தது. இல்லையென்றால் தொட்டிதான். அவனுடைய விரல்களில் தோல் உரியத் தொடங்கியிருந்தது.

உதவித்தொகைச் சந்தோஷத்தை இம்போடனிடம் சொன்னது முதல் பிழை.

இம்போடன் கையைத் துடைத்தான். "எனக்கும் தோல் உரியுதுதானே. எனக்கு ஏன் இல்லை?"

இம்போடன் அறக்கட்டளைகளை மேற்பார்க்கும் அலுவலகத்தில் முறையிட்டான்: இனம் பார்த்து உதவுவது அநீதி.

தமிழ்ச் சங்கத் தலைவர் கனகரத்தினம் கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டார். "இது உன்ரை தனி விசயமில்லைத் தம்பி. உலகமே எங்களைப் பாக்குது." விசாரணையன்று உலகத்தின் சார்பில் அவரும் தவராஜாவும் பின்வரிசையில் இருந்தார்கள்.

தன் நாட்டில் தன் பேச்சைத்தான் பேசுவேன் என்று இம்போடன் அடம்பிடித்தான். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உடனே கனகரத்தினம் எழுந்து, எங்கள் பையனுக்கு இந்தப் பாஷை தெரியும் என்று அறிவித்தார்.

"அண்ணை, எனக்கெதிரான வழக்கெல்லோ?"

"அதுதான் பெருந்தன்மை. எழும்பு. உன்ரை திறமையை அவையள் காணட்டும்."

தவராஜா எழும்பினான். கை எரிகிறது என்று மட்டுந்தான் இம்போடன் சொன்னான். சவர்க்காரத் தண்ணீர் எவருடைய இனத்தையும் விசாரிப்பதில்லை என்று தவராஜா பெயர்த்தான். மாலை வகுப்பில் படித்ததை வேறெங்கே காட்டுவது? அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். கனகரத்தினம் கண்ணைத் துடைத்தார்.

முறையீடு வென்றது. அறக்கட்டளை 'தமிழர்' என்ற சொல்லை வெட்டி 'வெளிநாட்டவர்' என்று போட்டது. அதற்கும் இம்போடன் முறையிட்டான். அதையும் தவராஜாதான், முன்னையதைவிட உருக்கமாக, பெயர்த்தான். அதுவும் வென்றது.

கடைசியில் கனகரத்தினமே அறக்கட்டளைக்கு ஒரு வாசகம் எழுதிக்கொடுத்தார்: 'இந்த ஊரில் மொழியால் அவதிப்படுவோருக்கு.'

"இதிலை இனமும் இல்லை, நாடும் இல்லை. ஆனால் எங்கடை ஆக்களைத் தவிர ஆர் வரப்போகினம்? சட்டம் தெரிஞ்சவன் போட்ட முடிச்சு."

இம்முறை இம்போடனும் விண்ணப்பித்தான். அறக்கட்டளை இருவரிடமும் அவதிக்கு அத்தாட்சி கேட்டது. தவராஜா விசாரணை மண்டபத்தில் இரண்டு வகை ஜெர்மனிலும் வெளுத்து வாங்கியது ஊருக்கே தெரியும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாய் திறக்க முடியாதவன் இம்போடன் என்பது அரசாங்கப் பதிவிலேயே இருந்தது.

உதவித்தொகை இம்போடனுக்குப் போனது. விழாவில் அவன் நன்றி சொன்னான். அதையும் தவராஜா பெயர்த்தான். கைதட்டுவதில் கனகரத்தினம் எல்லோரையும் முந்தினார்.

அடுத்த திங்கள் இம்போடன் வெள்ளைத் தொப்பியுடன் மாடிக்குப் போனான். தொட்டியின் இரண்டு பக்கமும் இப்போது தவராஜாவுக்கே. படியடியில் நின்று இம்போடன் தலையைச் சொறிந்தான்.

"கோவமோ?"

"இல்லை. நீ சொன்னது ஞாயந்தானே. நான்தானே சொன்னனான்."

பின்னேரம் மேற்பார்வை அலுவலகத்துத் தட்டச்சாளர் திருமதி எக்லி நிலவறைக்கு இறங்கி வந்து, ஈரக்கையென்றும் பாராமல் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"உங்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் நாள் அந்த மனிதர் பேசியது எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. முறையீடு தள்ளுபடி என்று நான் தட்டச்சே செய்துவிட்டேன். அப்போதுதான் நீங்கள் எழுந்தீர்கள்."