மாடியில் இன்னும் பெயின்ட் காயவில்லை

அன்பு மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அக்கா, மகன், மருமகள், பேத்தி எல்லோரும் நலம். எங்கள் பெட்டிகள் மட்டும் நலமாக இல்லை. அங்கே உங்கள் நலமும், வீட்டார் நலமும், குறிப்பாக நாங்கள் வந்து குடியேறப்போகும் உங்கள் மாடியின் நலமும் அறிய ஆவல்.

மகனை அவன் கம்பெனி இந்தியாவுக்கு மாற்றியதும், குடும்பத்தோடு வருவதென்று முடிவானதும் நீங்கள் அறிந்ததே. என்னென்ன கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று நான் மூன்று பக்கம் எழுதிக் கேட்டதற்கு, "எல்லாம் இங்கேயே கிடைக்கும் அத்தான், கையை வீசிக்கிட்டு வாங்க" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். காலமெல்லாம் வகுப்பில் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், மாப்பிள்ளை. மூன்று பக்கக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதுகிற பையன் ஒன்று பாடத்தைக் கரைத்துக் குடித்தவனாக இருப்பான், இல்லாவிட்டால் புத்தகத்தையே திறக்காதவனாக இருப்பான். நீங்கள் எந்த ரகம் என்று உங்கள் அக்காவிடம் கேட்டேன். "அவன் அப்படித்தான் சொல்வான். போய் இறங்கினதும் 'எனக்கு என்னக்கா கொண்டு வந்தே'ன்னு முதல்ல பெட்டியைத் திறக்கப்போறவனும் அவன்தான்" என்றாள். ஆகவே கையை வீசிக்கொண்டு வரும் திட்டம் அன்றே கைவிடப்பட்டது.

மருமகள் நிர்வாகத்தில் கெட்டிக்காரி. அவள் ஒரு சட்டம் போட்டாள். ஒரு வருஷமாக யாரும் தொடாத சாமான் எதுவும் கப்பல் ஏறக் கூடாது. கேட்க நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு சூத்திரம் சரியா என்பது கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும். உதாரணத்துக்கு, சட்டம் வந்த அன்றே உங்கள் அக்கா மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். "இதை என் பிள்ளை கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தொட்டதில்லை. சட்டப்படி எதை விட்டுட்டுப் போறது? துடைப்பத்தையா, அவனையா?" மருமகள் கொஞ்சம் யோசித்தாள். கொஞ்சம் இல்லை, ரொம்பவே யோசித்தாள் என்று மகனுக்கு வருத்தம். சட்டம் அத்தோடு ரத்து.

அடுத்து குளிர்கோட்டுகள். இங்கே வருஷத்தில் பாதி நாள் நாங்கள் அதற்குள்தான் குடியிருக்கிறோம். "அந்த வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்றான் மகன். "உன் மாமா வீட்டுல ஏ.சி. இருக்குடா. கரண்டு பில்லுக்குப் பயந்தவன்தான். ஆனா நாம வந்திருக்கோம்னு பெருமைக்குப் போட்டு வெப்பான்" என்றாள் உங்கள் அக்கா. இது அவள் வாக்கு, என் வாக்கு அல்ல. கோட்டுகளைப் பெட்டியில் வைத்தால் வேறு எதையும் வைக்க இடமில்லை. எனவே போட்டுக்கொண்டே வந்து இறங்குவதென்று தீர்மானம். விமான நிலைய வாசலில் வியர்த்து விறுவிறுத்து ஒரு கரடிக் குடும்பம் வந்தால் பதறாமல் கார் கதவைத் திறந்துவிடவும். கண்ணாடியையும் இறக்கிவிடவும்.

மின்சாரச் சாமான்கள் கதை வேறு. அங்குள்ள மின்சாரமும் இங்குள்ள மின்சாரமும் ஒன்றில்லை. உங்கள் அக்காவுக்குப் புரியவேண்டுமே என்று, "அங்கே இருக்கிறது அண்ணன், இங்கே இருக்கிறது தம்பி. தம்பிக்குத் தைத்த சட்டையை அண்ணனுக்கு மாட்டினால் என்ன ஆகும்? தையல் விட்டுப்போகும். அதேபோல இந்த மிக்ஸியை அங்கே மாட்டினால் புகை வரும்" என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அதுல மாட்டறதுக்குன்னு ஒரு பொட்டி விக்கிதே, அதை வாங்கினா சரியாயிடுமா?" என்றாள். ஆகும் என்றேன். "அதை முதல்லயே சொல்லியிருந்தா அண்ணன் தம்பி கதை கேட்காம நாலு பாத்திரம் கழுவியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு மிக்ஸியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். உதாரணங்களுக்கு இந்த வீட்டில் மரியாதை இல்லை, மாப்பிள்ளை.

விமானத்தில் கொண்டுவரும் பெட்டிகளை எடை போடுவது என் பொறுப்பு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நான் ஏறி நிற்பேன். பிறகு வெறும் ஆளாக ஏறுவேன். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பெட்டியின் எடை. மூன்றாம் வகுப்புக் கணக்கு. சிக்கல் என்னவென்றால், பெட்டி கையில் இருக்கும்போது காலடியில் இருக்கும் எண் எனக்குத் தெரியாது. பேத்தி தரையில் குப்புறப் படுத்துப் படித்துச் சொல்வாள். அவளுக்கு இஷ்டமான பெட்டி என்றால் "தாத்தா, பாஸ்!" இல்லாவிட்டால் "ஃபெயில்!" அவளுடைய பொம்மைப் பெட்டி எப்போதும் பாஸ். அதைத் தூக்கும்போதுதான் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் குனிந்தபடியே அடுத்த பெட்டிக்குப் போக, உங்கள் அக்கா, "போதும் விடுங்க. தரையில ஏதோ தேடறார்னு நினைச்சு நானும் கூடத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

நம் ஊர் ஆட்கள் இங்கே நடத்தும் சாமான் கட்டும் கம்பெனியிலிருந்து ஒரு மேஸ்திரி வருகிறார். மணிக்கட்டில் டேப் உருளையை வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிவதால் பேத்தி அவருக்கு டேப் மாமா என்று பேர் வைத்துவிட்டாள். முதல் நாள் வீடு முழுக்கச் சுற்றி ஒவ்வொரு சாமானாகக் கையைக் காட்டி, "இது வருதா? இது வருதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி, "இது?" என்றார். "நாற்காலி வருது. உக்காந்திருக்கறவர்தான் சந்தேகம்" என்றாள் உங்கள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

டேப் மாமாவின் ஆட்கள் பயங்கரச் சுறுசுறுப்பு. கண்ணில் பட்டதைக் கட்டிவிடுவார்கள். சமையலறைக் குப்பைக்கூடையைக் குப்பையோடு தாளில் சுற்றி, 'கவனம், உடையும்' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். நான் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு மேஜையில் வைத்துத் திரும்புகிறேன், கோப்பையைக் காணோம். கேட்டால், "கழுவிக் கட்டியாச்சு சார்" என்கிறார்கள். எது எந்தப் பெட்டியில் போகிறது என்று ஒரு ஒழுங்கு வேண்டாமா? விடைத்தாள் திருத்துகிற இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டை ஒட்டி முத்திரை வைத்தபிறகும் ஒரு தடவை பிரித்துப் பார்க்காமல் எந்த நல்ல ஆசிரியரும் வீட்டுக்குப் போக மாட்டார். உள்ளே ஒரு பிள்ளையின் எதிர்காலம் விட்டுப்போயிருந்தால்? அந்தப் பழக்கத்தில் நானும் இங்கே கட்டிய பெட்டிகளை ஒரு கண் பார்த்துவைக்கிறேன். அன்று ஒன்றைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடினேன். அதுவும் பெட்டிக்குள் போயிருக்கும் என்று சமையலறைப் பெட்டியைச் சாவியால் கீறித் திறந்தேன். அதில் இல்லை. துணிப் பெட்டியில் இல்லை. புத்தகப் பெட்டியில் இல்லை. பொம்மைப் பெட்டியும் திறந்தாயிற்று. கடைசியில் பேத்தி வந்து, "தாத்தா, உங்க சட்டைப் பையில என்ன நீட்டிக்கிட்டு இருக்கு?" என்றாள். இப்படி இந்த வீட்டில் எந்தச் சாமானும் அதனதன் இடத்தில் இல்லை.

வருகிற மாத முதல் வாரத்தில் லாரி வருகிறது. அன்றைக்கு எல்லாப் பெட்டியும் மூடியிருந்தால்தான் ஏற்றுவார்களாம். ஒன்று திறந்திருந்தாலும் எங்கள் முறை போய்விடும், மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்கிறார் டேப் மாமா. அதைச் சொல்லும்போது ஏனோ என்னையே பார்த்துச் சொல்கிறார்.

நான் செய்யவேண்டியதை எல்லாம் முறையாகச் செய்தாயிற்று. பேத்தியின் பள்ளிக்கூடத்து வாசலில் காலையும் மாலையும் பிள்ளைகளைச் சாலையைக் கடக்கவிடும் வேலை பார்த்துவந்தேனே, அதையும் விட்டாயிற்று. சம்பளமில்லாத வேலைதான். ஒரு மஞ்சள் மேல்சட்டையும், 'நில்' என்று எழுதிக் கைப்பிடி வைத்த வட்டப் பலகையும் கொடுத்திருந்தார்கள். இந்த ஊருக்கு வந்த புதிதில் கடைக்குப் போனால் நான் கேட்பது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் சொல்வது எனக்குப் புரியாது. ஆனால் அந்தப் பலகையைத் தூக்கினேன் என்றால் பஸ்ஸே நிற்கும். பின்னால் வரும் லாரியும் நிற்கும். குட்டிப் பிள்ளைகள் வாத்துக் குஞ்சு மாதிரி வரிசையாகப் போகும். கடைசிக் குஞ்சு நடைபாதையில் ஏறித் திரும்பிக் கையாட்டினபிறகுதான் பலகையை இறக்குவேன். போன வாரம் பலகையைப் பள்ளி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. இப்போது நிற்கிறவர் விசில் ஊதுகிறார். விசில்தான் வண்டியை நிறுத்தும் என்றால் அங்கே மனுஷன் எதுக்கு? தற்செயலாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். மறுநாளும் தற்செயலாகப் போனேன். பிள்ளைகள் ஓடிக் கடக்கிறார்கள். நான் இருந்தபோது ஒரு பிள்ளை ஓடினதில்லை. சரி, அது அவர்கள் பாடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம், ஆனால் உங்கள் அக்கா ஸ்பீக்கரில் போடுங்கள் என்பாள். அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, மாப்பிள்ளை. பாவம், இத்தனை அவசரத்தில் அவளால் தாங்க முடியாது. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள், மனசுக்குள் இந்த வீட்டை விட்டு வர அவளுக்கு இஷ்டமே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே நீங்களே ஒரு போன் போட்டு, மாடியில் பெயின்ட் அடித்திருக்கிறோம், இன்னும் காயவில்லை, கொஞ்ச நாள் கழித்து வந்தால் நல்லது என்று சொல்லவும். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம். பெயின்ட் என்றால் பெயின்ட்தான் என்றில்லை. குழாய் ஒழுகுகிறது என்றாலும் சரி, எது உங்களுக்குச் சௌகரியமோ அது. பொய் சொல்லும்படி ஓர் ஆசிரியன் கேட்கிறானே என்று நினைக்கவேண்டாம். உண்மையாகவே ஒரு சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டால் பொய்யே இல்லை.

உங்கள் தெருவில் போக்குவரத்து எப்படி? அதிகமா? சும்மாதான் கேட்டேன்.

வீட்டில் பெரியவர், சிறியவர் யாவருக்கும் என் அன்பு. உங்கள் மாடிப்படிகளுக்கும் என் ஆசி, அவை எங்கள் சாமான்களைத் தாங்கவேண்டுமே.

இப்படிக்கு,
பொறுமையின் எல்லையில் நிற்கும்
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதறேன். கடைக்குப் போற வழிதானே, நானே தபால்ல போட்டுடறேன்னு இவர்கிட்டேர்ந்து வாங்கினேன். உறையை ஒட்டவே இல்லை. இந்த மனுஷன் பெட்டியைத்தான் ஒட்ட விடமாட்டார்னு நினைச்சேன்.

மேலே எழுதினது ஒண்ணையும் நம்பாதே. என் சாமான் எல்லாம் கட்டி எப்பவோ ரெடி. நான் ஒட்டறேன், குளிச்சிட்டு வர்றதுக்குள்ள இவர் பிரிச்சிடறார். கேட்டா விடைத்தாள் கதை. டேப் மாமா பாவம், போன தடவை வந்தப்ப, "அம்மா, சாரை முதல்ல கட்டிடலாமா?"ன்னு கேட்டார்.

பலகையைத் திருப்பிக் கொடுத்துட்டேன்னு எழுதியிருக்கார் பாரு, அது என் புடவைப் பெட்டிக்குள்ள, அடியில போர்வையில சுத்தி இருக்கு. அதைத்தான் இருக்கா இருக்கான்னு தினம் பிரிச்சுப் பார்க்கறார். நான் பள்ளிக்கூடத்துக்கே போய்த் தலைமை ஆசிரியை அம்மாகிட்ட கேட்டுட்டேன். பழைய பலகைதானே, அவரே வெச்சுக்கட்டும்னு சொல்லிட்டாங்க. கடைசிப் பிள்ளை கையாட்டறதுக்காக மழையில நின்ன மனுஷன்னு வேற சொன்னாங்க. இதை இவர்கிட்ட நான் சொல்லலை. திருடிக்கிட்டு வர்றோம்ங்கற பயம் இருந்தாத்தான் வாயை மூடிக்கிட்டு விமானத்துல உக்காருவார்.

உங்க தெருக்கோடியில ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்குன்னு சொன்னியே. சாயந்தரம் மணி அடிக்கிற நேரத்துல போய்ப் பாரு, பிள்ளைங்களை ரோடு தாண்ட விட யாராவது நிக்கறாங்களான்னு. யாரும் இல்லேன்னா எனக்கு மட்டும் ரகசியமா சொல்லு. அவராப் போய்க் கண்டுபிடிச்சு, "இந்த ஊர்ல ஒரு ஒழுங்கே இல்லை"ன்னு என்கிட்ட வந்து கத்தட்டும். யாராவது நின்னா, அவர்கிட்ட இப்பவே சொல்லி வை, கூட நிக்க ஒருத்தர் பலகையோட வர்றார்னு. கையை வீசிக்கிட்டு வரச் சொன்னியே, இந்த மனுஷனை மட்டும் வெறுங்கையோட கூட்டிட்டு வந்தா ஒரு வாரம் தாங்கமாட்டார்டா.

கடுதாசி கிடைச்ச உடனே இவருக்கு ஒரே ஒரு வரி பதில் போடு. நீ எப்பவும் போடற மாதிரிதான். "மாடியில பெயின்ட் நல்லாக் காஞ்சிடுச்சு"ன்னு.