பாதரசத்துக்காக ஒரு மௌனவிரதம்

அநியாயம் நடந்தது என் அம்மாவுக்கு. செய்தவர் அப்பா. தைப்பூசத்திலிருந்து அவர் அம்மாவோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கோபமில்லை, இரசவாதம்!

யூடியூப்பில் ஒரு தாடிக்காரச் சித்தர் சொல்லிவிட்டாராம்: பாதரசத்தை மூலிகைச் சாற்றில் அரைத்துக் கட்டியாக்கி, செம்போடு சேர்த்து உருக்கினால் பொன்னாகும், ஆனால் அரைப்பவன் மனைவியோடு கதைத்தால் ரசம் கட்டாது. முரசுமோட்டையில் இதை நம்பிய ஒரே விவசாயி என் அப்பா சின்னராசா. மாட்டுக்கொட்டிலில் அரைகல்லோடு குந்திவிட்டார்.

நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிறேன். சும்மா விடுவேனா?

"அப்பா, செம்பு எப்பவும் செம்புதான். பாதரசம் நஞ்சு. அதோட, மனுசி கதைச்சாக் கட்டாத ரசம் மகள் கதைச்சா மட்டும் கட்டுமோ?"

"மகளுக்கு விலக்கு இருக்குப் பிள்ளை."

"ஆர் குடுத்த விலக்கு?"

"சித்தர்."

"சித்தருக்கு மனுசி இருந்தவாவோ?"

"இல்லை. அதாலதான் அவர் சித்தர்."

இடையில் நான் தபால்காரி. "கொம்மாட்டைச் சொல்லு, சம்பலுக்கு உப்புக் காணாது." அம்மா பதில் அனுப்பமாட்டா. பின்னேரம் இரண்டு தேத்தண்ணி ஊற்றுவா. ஒன்று கொட்டிலுக்குப் போகும். மற்றது அவா கையிலேயே ஆறும். முன்பு அந்த நேரம் இருவருமாக எங்கள் வயலில் தொடங்கி வவுனியா வரை ஊர்க்கதை கதைப்பார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொன் ஆருக்கப்பா?"

"சண்டைக்குள்ளை இடம்பெயரேக்கை கொம்மான்ர தாலிக்கொடி அரிசிக்குப் போனது. நான்தான் கழட்டிக் குடுத்தனான். இண்டைக்கும் மஞ்சள் கயித்தோட திரியிறாள்."

அந்தத் தபாலை மட்டும் அவர் சொல்லாமலே அம்மாவிடம் சேர்த்தேன்.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு அருந்ததியக்கா வந்தா. அம்மா கொட்டிலுக்குக் கேட்கும்படி உரத்துத் தொடங்கினா.

"உனக்குத் தெரியுமே அருந்ததி, கலியாணத்துக்கு முன்னம் இந்த மனுசன் எங்கட வீட்டடியிலை சைக்கிளோட வாய்க்காலுக்கை விழுந்தது. என்ர தங்கச்சியைப் பாத்துக்கொண்டெல்லோ வந்தவர்!"

அரைக்கிற சத்தம் நின்றது. அப்பா வெளியே பாய்ந்து வந்தார்.

"ஆர் தங்கச்சியைப் பாத்தது? உன்னையெல்லோ பாத்தனான்!"

அப்பா வாயைப் பொத்தினார். பிந்திவிட்டது.

"ஐயோ கமலாட்சி! ரசமும் போச்சு, உன்ர கொடியும் போச்சு!"

அம்மா அவர் உட்கார ஒரு கதிரையை அவர் பக்கம் தள்ளினா.

"இஞ்சேரப்பா, என்னைப் பாத்தது எனக்குத் தெரியும். அந்தச் சைக்கிள் ஆரின்ர எண்டுதான் இவ்வளவு காலமாத் தெரியேல்லை. இருந்து சொல்லுங்கோ."