குரங்குகளைப் பற்றி நான் பேசாத உரை

பெற்றவர்களை நாம் வேலை பார்க்கும் இடத்துக்கு அழைத்துப் போகக் கூடாது. தப்பித்தவறிப் போனாலும் கேண்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். மேடை இருக்கும் பக்கம் மட்டும் கூட்டிப் போகவே கூடாது. இந்த ஞானம் எனக்கு வாய்த்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் கை கால் ஜில்லென்றாகிவிடும் (டெல்லிக் குளிரைக் கணக்கில் சேர்க்கவில்லை).

அப்போது நான் டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்றால், செமஸ்டர் முடியும்போது துறைத்தலைவி கபூர் மேடம் நம்மை ஒரு பார்வை பார்ப்பார். அடுத்த செமஸ்டருக்கு நாம் இருக்கிறோமா இல்லையா என்பதை அந்தப் பார்வையிலிருந்து நாமே தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு ஜனவரி மாதம் மேடம் என்னை அழைத்தார். "வெள்ளிக்கிழமைப் பொதுச் சொற்பொழிவு இந்த முறை உன்னுடையது. நிரந்தர இடம் ஒன்று காலியாகிறது. தேர்வுக் குழுவிலிருந்து லக்னோ பேராசிரியர் வந்து கேட்கப் போகிறார். ஹால் காலியாக இருந்தால் எனக்கு அவமானம். உனக்கு வேலை போச்சு."

எங்கள் பொதுச் சொற்பொழிவுக்குப் பொதுமக்கள் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. பேசுகிறவர், மேடம், மைக்செட்காரர், குளிருக்கு ஒதுங்கிய ஒரு நாய், அவ்வளவுதான் கூட்டம். என் தலைப்பு டெல்லிக் குரங்குகள். அவற்றின் பின்னால் அலைந்து கடியும் வாங்கி, ஊசியும் போட்டுக்கொண்டு சேர்த்த விஷயமெல்லாம் என் லேப்டாப்பில் இருந்தது. கேட்க ஆள்தான் இல்லை. அதனால் அப்பாவிடம் போனேன்.

அப்பா மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலேயே ஒரு தமிழ் மன்றம் நடத்த ஆரம்பித்தவர். சாணக்யபுரி விருந்தினர் மாளிகைக்கு எந்த ஊர்ப் பிரமுகர் வந்து இறங்கினாலும், அவர் பெட்டியைத் திறக்குமுன் அப்பா அழைப்பிதழோடு வாசலில் நிற்பார்.

"இருபது பேர் வந்தாப் போதும்ப்பா" என்றேன்.

"அதுக்கென்ன, கூட்டியாரேன். தலைமை யாரு?"

"தலைமையெல்லாம் கிடையாதுப்பா."

"சரி, முன்னிலை?"

"ஒரு நிலையும் கிடையாது. நான் போவேன், பேசுவேன், ஸ்லைடு காட்டுவேன், கதம்."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "வரவேற்க ஒரு ஆளு இல்ல, வாழ்த்த ஒரு ஆளு இல்ல. நீயே ஏறி, நீயே பேசி, நீயே இறங்கி வருவியா? நாதியத்தவளாட்டி நீ? சரி விடு, நான் பாத்துக்கிடுதேன்."

கூட்டத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். படித்தவள் புத்தி அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இரண்டு வேன் வந்து நின்றது. பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட மாமிகளும், குரங்குக் குல்லாய் அணிந்த மாமாக்களும் (தலைப்புக்குப் பொருத்தமாக) இறங்கி ஹாலை நிறைத்தார்கள். மேடத்தின் புருவம் உயர்ந்தது. அப்பா பெரிய பெரிய பைகளைத் தூக்கி வந்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய முறுக்கும் சிப்ஸும் என்று நினைத்து அந்த அன்புக்காக நெகிழ்ந்துகூடப் போனேன்.

மேடை ஏறினேன். திரையில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருக்கும் குரங்கு. நான் வாயைத் திறந்தேன். வேறொரு மைக்கிலிருந்து சத்தம் வந்தது.

"இறைவணக்கம். அனைவரும் எழுந்து நிற்கவும்."

மன்றச் செயலாளர் சங்கரலிங்கம் மாமா. இன்னொரு மைக் அவர் கைக்கு எப்படிப் போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முன்வரிசை மாமிகள் பாட ஆரம்பித்தார்கள். ஹாலே எழுந்து நின்றது. ஏதோ தேசிய விஷயம் என்று நினைத்து லக்னோ பேராசிரியர் விறைப்பாக நின்றார். நான் பேயறைந்தவள் போல் குரங்கின் பக்கத்தில் நின்றேன்.

அடுத்து வரவேற்புரை. ஹாலில் இருந்த ஒவ்வொருவரையும் பெயர், பதவி, பூர்வீகம் சொல்லி மாமா வரவேற்றார். அது முடிந்ததும் அப்பா பையைப் பிரித்தார். உள்ளே முறுக்கு இல்லை. மன்றத்துப் பீரோவில் இருந்த பொன்னாடைகள் அத்தனையும் இருந்தன.

கபூர் மேடத்தின் தோளில் யாரும் கை வைக்கக் கண்டதில்லை. சங்கரலிங்கம் மாமாவின் மனைவி போய்ப் பச்சைச் சால்வை ஒன்றைப் போர்த்தி, "கேமராவைப் பாருங்க மேடம்" என்றார். என் வேலை அந்த இடத்திலேயே போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஹாலில் ஹீட்டர் கிடையாது. மேடம் சால்வையை இழுத்து நன்றாகச் சுற்றிக்கொண்டார். பிறகு லக்னோ பேராசிரியருக்கு. பிறகு மைக்செட்காரருக்கு. அடுத்து, ஒத்திகைக்கு ஹால் எப்போது காலியாகும் என்று எட்டிப் பார்த்த நாடகக் குழு மாணவனுக்கு. ப்ரொஜெக்டர்தான் பாக்கி.

பொன்னாடை பெற்றவர் ஓரிரு வார்த்தை பேச வேண்டும் என்பது நம் மரபு. அதை மாமா ஹிந்தியில் விளக்கிவிட்டார். லக்னோ பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். தன் பள்ளிக்கூட நாளில் தொடங்கியவர் பென்ஷன் வரை வந்துதான் நிறுத்தினார். மேடம் தான் சின்ன வயதில் ஓணான் வளர்த்த கதையைச் சொன்னார், சொல்லிச் சிரிக்கவும் செய்தார். எனக்கு மயக்கமே வரும்போல் இருந்தது. மைக்செட்காரர் மைக்கை ஊதிப் பார்க்கக் கூடாது என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். அதற்குள் நாடகக் குழு டோலக்கோடு கதவருகே வந்து நின்றுவிட்டது.

கடைசியில், "இப்போது நம் வீட்டுப் பெண் பேசுவார்" என்றார் மாமா.

"குரங்குகள் நம் கேம்பஸுக்குள் புகுந்துவிட்டன என்கிறோம். அவற்றின் காட்டுக்குள் நாம்தான் கேம்பஸ் கட்டியிருக்கிறோம்" என்று ஆரம்பித்தேன். யாரோ என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தால் மேடைக்குக் கீழே அப்பா.

"சுருக்கமா முடிட்டி. பாவம், அந்தப் பிள்ளையெல்லாம் டோலக்க வச்சுக்கிட்டு நிக்காவ."

பெற்ற தகப்பன். நான் அதிர்ந்துபோய் "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மாமாவின் நன்றியுரை அதைவிட நீளம்.

அன்று வேன் கிளம்பும்வரை ஆத்திரத்தில் அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. அவரோ ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஜாம் ஜாம்னு நடந்துட்டுல்லா?" என்றார்.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டார். பையைக்கூடக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன், அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று.

"லக்னோ பேராசிரியர் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்" என்றார் மேடம். "எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறாராம். சொல்ல வந்ததை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்த ஆள் நீ ஒருத்திதானாம். நம் துறையில் யாருக்கும் முடிக்கத் தெரியவில்லை என்கிறார்."

அதன்பிறகு முறையான நேர்காணல் நடந்து வேலையும் கிடைத்தது. குரங்குகள் பாக்கியாகவே இருக்கின்றன.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா இந்த விழாவைத்தான் விஸ்தாரமாகச் சொன்னார். யார் பாடினார்கள், யாருக்கு என்ன கலர் சால்வை, எல்லாம். கடைசியில் மாப்பிள்ளை மரியாதையாகக் கேட்டார்: "இவங்க என்ன பேசினாங்க மாமா?"

அப்பா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "இவளா? இவ எங்க பேசினா? இவ விழால்லா அது."

அந்த மாப்பிள்ளைதான் என் கணவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருடைய பேச்சாவது பாதியில் வெட்டுப்பட்டால் மற்றவர்கள் கோரஸாகச் சொல்வது "இவ விழால்லா அது" என்பதைத்தான். என் மகள் டெல்லியில் பிறந்தவள், தமிழ் எழுத்தைக் கண்டாலே ஓடுவாள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சுத்தமான திருநெல்வேலித் தமிழில் சொல்கிறாள், அதுவும் நான் வாயைத் திறக்கிற நேரமாகப் பார்த்து.